கழிவுத்தண்ணி ஏறி ஆறு நாள், பேஸ்மென்ற் டிறைவோலில (ஜிப்சம் பலகைச் சுவரில) பூஞ்சணம் – எவ்வளவு உயரம் வெட்டவேணும்?

கெனடிரோட் | 22 யூலை 2024

வீடு ரொறன்ரோ ஸ்காபரோவில, 1971இல கட்டின பங்களோ. போன செவ்வாய் (16ஆம் திகதி) மழைக்கு லோன்றி அறையில இருக்கிற புளோர் ட்றெயினால (நிலத்து வடிகானால) தண்ணி மேல வந்து, பேஸ்மென்ற் முழுக்க 5 அங்குலம் நிண்டது. நாலைஞ்சு மணித்தியாலத்தில தானாய் இறங்கிவிட்டுது. கார்ப்பெற்றும் அதுக்குக் கீழ இருந்த பஞ்சும் வெளியில எறிஞ்சாச்சு. படுக்கை அறையில லாமினேற் நிலப்பலகை இன்னும் கழட்டேல்லை.

இப்ப பேஸ்போர்டுக்கு மேல 8 அங்குலம் மட்டும் சாம்பல்பச்சைப் புள்ளி. சோபாவுக்குப் பின்னால ஒரு சாப்பாட்டுக்கோப்பை அளவில கறுப்பு. யன்னல் எல்லாம் திறந்து, இரண்டு பெரிய பான் (மின்விசிறி) இரவு பகலாய் ஓடுது. மணம் குறையிறமாதிரித் தெரியேல்லை.

1. டிறைவோல் வெட்டத்தான் வேணுமோ? ஜாவெக்ஸ் (பிளீச்) அடிச்சுத் துடைச்சு, மேல பூஞ்சணம் பிடிக்காத பெயின்ற் அடிச்சால் காணும் எண்டு ஒராள் சொல்லுறார்.
2. ஒரு கொம்பனி வந்து பார்த்திட்டு, முதல் காத்துப் பரிசோதனை, பிறகு மருந்துப்புகை எண்டு கொட்டேசன் தந்திருக்கு. சுவர் வெட்டுறது பற்றி ஒண்டும் இல்லை. சரியோ?
3. கீழ ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்குது, கைக்குழந்தையோட. அவை இப்ப மேல எங்களோட. எப்ப திரும்ப இறங்கலாம்?

---

சுத்தியல் | 22 யூலை

முதல் வேலை: அந்த இரண்டு பான்களையும் நிப்பாட்டுங்கோ. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிய வந்த பிறகு சுவருக்கு நேர காத்து அடிச்சால் அதின்ர வித்து வீடு முழுக்கப் பறக்கும். பான் முதல் இரண்டு நாளுக்கு நல்லது, அதுக்குப் பிறகு சுவரை வெட்டித் துப்புரவாக்கினாப் பிறகு நல்லது. இடையில கூடாது.

யன்னலையும் பூட்டுங்கோ. யூலை மாதத்தில வெளிக்காத்து 28 பாகை, ஈரப்பதன் 70 வீதம் எண்டு வையுங்கோ. அந்தக் காத்து 22 பாகைக்குக் குளிர்ந்தாலே தண்ணியாய் மாறத் தொடங்கும். உங்கட பேஸ்மென்ற் கொங்கிறீற் சுவரும் நிலமும் 18, 19 பாகையில நிக்கும். அதாவது யன்னலைத் திறந்து வைச்சு நீங்கள் சுவரைக் காயவைக்கேல்லை, நனைச்சுக்கொண்டிருக்கிறியள். கோலாப் போத்தில் வேர்க்கிறமாதிரித்தான்.

கரண்டும் காஸும். ட்றையர், பிறிட்ஜ், தண்ணிச்சூடாக்கி நிண்ட இடத்தில 5 அங்குலம் எண்டால், காஸ் தண்ணிச்சூடாக்கியின்ர பேணர் (நெருப்பு எரியிற பகுதி) அனேகமாய் நனைஞ்சிருக்கும். லைசன்ஸ் உள்ள காஸ் ரெக்னீஷியன் பார்க்காமல் பத்தவைக்கவேண்டாம். பேணசுக்கும் (வீட்டைச் சூடாக்கிற மெசினுக்கும்) அதேதான். சுவர் பிளக்குக்குத் தண்ணி எட்டாட்டிலும், வெட்டத் தொடங்க முன்னம் அந்தப் பகுதிப் பிறேக்கரை விழுத்துங்கோ.

வெட்டுறது பற்றி. கழிவுத்தண்ணி பட்ட டிறைவோலைத் துடைச்சுக் காப்பாற்ற ஏலாது, பூஞ்சணம் வந்தாலும் வராட்டிலும். உள்ளுக்க இருக்கிற ஜிப்சம் திரிமாதிரித் தண்ணியை மேல இழுக்கும். 5 அங்குலம் நிண்ட தண்ணி 12, 18 அங்குலம் மட்டும் ஏறியிருக்கும். வெளிப்பக்கம் பெயின்ற் இருக்கிறபடியால் சுத்தமாய்த் தெரியும். பின்பக்கக் கடதாசியில பெயின்ற் இல்லை, பூஞ்சணத்துக்குச் சாப்பாடு அதுதான். ஒரு 40 டொலருக்கு ஊசி உள்ள ஈரமானி வாங்கி, கீழயிருந்து மேல 6 அங்குலத்துக்கு ஒருக்காக் குத்திப் பாருங்கோ. எங்க காய்ஞ்ச வாசிப்பு வருதோ, அதிலிருந்து இன்னும் 12 அங்குலம் மேல கோடு போடுங்கோ.

கோட்டை 24½ அங்குலத்திலோ 48½ அங்குலத்திலோ வையுங்கோ. டிறைவோல் ஷீற் 48 அங்குல அகலம். பிறகு பூட்டேக்க முழு ஷீற்றைக் கிடையாய்ப் போடலாம், இல்லாட்டிப் பாதியாய் வெட்டிப் போடலாம். கீழ விடவேண்டிய அரை அங்குல இடைவெளியும் அதுக்குள்ள வந்திடும். 30 அங்குலத்தில வெட்டிப்போட்டு ஷீற்றைத் துண்டு துண்டாய் ஒட்டுறது வீண்வேலை.

மெசினால வெட்டவேண்டாம். கைக்கத்தியால கோட்டுக்கு மேல இரண்டு மூண்டு தரம் இழுத்தால் அரை அங்குலப் பலகை வெட்டுப்பட்டிடும். தூசி குறைவு. அதோட, பிளக்குக்கு மேலயும் பக்கத்திலயும் வயர் கிடையாய் ஓடும், வாள் மெசின் அதைத்தான் முதல் பிடிக்கும். வெளிச்சுவரில பின்னால இருக்கிற பிங்க் பஞ்சு (குளிர் தடுக்கிற பஞ்சு), பொலித்தீன் இரண்டையும் அதே உயரத்தில வெட்டி எடுங்கோ. பஞ்சு நனைஞ்சால் காயாது, பாரத்தில தொங்கி நடுவில வெளி விடும்.

ஆனால் உங்கட வீடு 1971. கத்தி வைக்க முன்னம் ஒரு விசயம். 1990க்கு முன்னம் கட்டின வீட்டில டிறைவோல் மூட்டுப்பசையில அஸ்பெஸ்டஸ் (மூச்சோட உள்ள போனால் நுரையீரலுக்குக் கூடாத நார்) இருக்கலாம். கார்ப்பெற்றுக்குக் கீழ 9 அங்குலச் சதுர ரைல்ஸ் இருக்குதோ பாருங்கோ. இருந்தால் ரைல்ஸிலயும் அதின்ர கறுத்தப் பசையிலயும் இருக்கிறதுக்குச் சாத்தியம் கூட. உடைக்க, சுரண்ட, மண்கடதாசி போடக் கூடாது. மூட்டுப்பசையில இரண்டு மூண்டு இடத்திலயும் ரைல்ஸில ஒரு துண்டும், ஸ்பிறேயரால நனைச்சு எடுத்து, தனித்தனிப் பையில போட்டு லாபுக்கு அனுப்புங்கோ. கூடுதல் காசு குடுத்தால் ஒரு நாளில முடிவு தருவினம். இருக்குது எண்டு வந்தால் நீங்களே வெட்டுறதை மறந்திடுங்கோ. ஒன்ராறியோவில அதை எடுக்கிறதுக்குத் தனி ஒழுங்குவிதி இருக்குது.

இல்லை எண்டு வந்தால்:

பேஸ்மென்ற் படிக்கு 6 மில் தடிப்புப் பொலித்தீன் திரை. பேணசின்ர காத்து இழுக்கிற துவாரங்கள் கீழ எங்கெங்க இருக்குதோ எல்லாத்தையும் பொலித்தீன் வைச்சு ரேப் ஒட்டி அடையுங்கோ, ஏசி ஓடினால் அந்தத் தூசி மேல்மாடிப் படுக்கையறைக்குப் போகும். வெட்டுற நேரம் மட்டும் ஒரு யன்னலில பான் ஒண்டை வெளிப்பக்கம் பார்க்க வைச்சு ஓடவிடுங்கோ. பொலித்தீன் திரை உள்ளுக்கு வயிறு வைச்சமாதிரி இழுபட்டு நிண்டால் காத்து சரியான பக்கம் போகுது.

முகத்துக்கு என்95 முகக்கவசம் குறைஞ்சது. பி100 அரைமுகமூடி எண்டால் நல்லது, தாடி இருந்தால் இரண்டும் முகத்தோட பொருந்தாது. காத்துத் துளை இல்லாத கண்ணாடி, முழங்கை மட்டும் ரப்பர் கையுறை, பூட்ஸ். வெட்டின துண்டை அங்கயே தடிப்பான பையில போட்டுக் கட்டுங்கோ. கட்டேக்க பையைக் கட்டிப்பிடிச்சுக் காத்தை அமத்தவேண்டாம், அது நேர உங்கட முகத்துக்குத்தான் வரும்.

லாமினேற் அவ்வளவும் கழட்டவேணும். மேலால பார்க்க நல்லாய்த்தான் இருக்கும். கீழ விரிச்ச நுரைத்தாளுக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில கழிவுத்தண்ணி சப்பையாய் நிக்கும். உங்கட மணத்தில பாதி அங்கயிருந்துதான் வருது.

கொட்டேசன் பற்றி: ஹெல்த் கனடாவே வீட்டுக் காத்துப் பரிசோதனையைச் சிபார்சு செய்யிறேல்லை. பூஞ்சணத்துக்கு இவ்வளவு மட்டும் பாதுகாப்பு எண்டு ஒரு எண் இல்லை. கண்ணுக்குத் தெரியிது, மூக்குக்கு மணக்குது, பிறகு என்னத்தைப் பரிசோதிக்கிறது? மருந்துப்புகை சுவருக்குப் பின்னால போகாது. செத்த பூஞ்சணமும் ஒவ்வாமை தரும், அதால கொல்லுறது வேலை இல்லை, அகற்றுறதுதான் வேலை. ஓசோன் மெசின் எண்டு ஆரும் கொண்டுவந்தால் வாசலிலயே திருப்பி அனுப்புங்கோ.

அளவுக்கு ஒரு கணக்கு: ஒவ்வொண்டும் ஒரு சதுர மீற்றருக்குக் குறைவாய் மூண்டு இடம் வரை எண்டால் வீட்டுக்காரரே செய்யலாம். ஒரே இடத்தில 3 சதுர மீற்றர், அதாவது ஒரு முழு டிறைவோல் ஷீற்றளவு, தாண்டினால் ஆளைப் பிடிக்கிறதுதான் முறை. சுவர் திறந்தால்தான் உங்களுக்கு எது எண்டு தெரியும். ஆஸ்மா உள்ளவை, கீமோ எடுக்கிறவை, உறுப்பு மாத்தினவை உந்த வேலைக்குக் கிட்டவும் வரக்கூடாது.

---

லோறன்ஸ்_ஈஸ்ட் | 22 யூலை

பூஞ்சணத்துக்கு ஜாவெக்ஸ் வேண்டாம், சவர்க்காரம் காணும் எண்டு பொதுவாய் எல்லாரும் சொல்லினம். ஆனால் மலத்தண்ணி ஏறின இடத்தை வெறும் சவர்க்காரத்தால கழுவி விடலாமோ அண்ணை? மலத்தில இருக்கிற ஈ-கோலைக் கிருமியை என்ன செய்யிறது?

---

சுத்தியல் | 22 யூலை

நல்ல கேள்வி, இரண்டையும் பிரிச்சுப் பார்க்கவேணும்.

பூஞ்சணத்துக்கு: ஜாவெக்ஸில பெரும்பங்கு தண்ணி. மரத்தில அடிச்சால் குளோரின் மேல நிண்டு முடியும், தண்ணி உள்ளுக்க இறங்கும். நிறம் வெளுத்துப் போறதால போயிட்டுது எண்டு நினைப்பம், மூண்டு கிழமையில திரும்ப வரும். பெயின்ற் அடிச்சு மூடினாலும் அதே கதை, பெயின்றோட சேர்ந்து உரிஞ்சு வரும்.

கழிவுத்தண்ணிக்கு: கிருமிநீக்கி வேணும், ஆனால் ஊத்தை போன பிறகுதான். ஊத்தைக்கு மேல ஊத்தினால் ஜாவெக்ஸ் ஊத்தையோடயே வேலை செய்து முடிஞ்சிடும். ஒழுங்கு இதுதான். சேறு சுரண்டி அள்ளு. சுடுதண்ணியும் பாத்திரம் கழுவுற சவர்க்காரமும் போட்டுத் தும்புக்கட்டையால கொங்கிறீற்றை உரஞ்சிக் கழுவு. அந்தத் தண்ணியை வெட்வக்கால (தண்ணி இழுக்கிற வக்குமால) இழு. பிறகு 4 லீற்றர் தண்ணிக்கு 250 மில்லிலீற்றர் ஜாவெக்ஸ் கலந்து நிலத்தை நனைச்சு 10 நிமிசம் ஈரமாய் வைச்சிருந்து, கழுவி இழு. உரஞ்சிற அளவுக்கு மட்டும் தண்ணி பாவி, நிலத்தில குளம் கட்டவேண்டாம்.

அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கிறது, வினாகிரி, ரொயிலற் அசிட் இதுகளோட ஜாவெக்ஸ் சேரவே கூடாது. பேஸ்மென்ற்றில அந்தக் காஸ் போக வழி இல்லை. மணந்தால் போட்டது போட்டபடி மேல ஏறுங்கோ.

மரச்சட்டத்துக்கு: முதல் ஹெப்பா வக்கும் (நுண்தூசியைப் பிடிக்கிற பில்டர் உள்ளது). சாதாரண வக்கும் வித்தை இழுத்துப் பின்பக்கத்தால துப்பும், பேருக்கு ஹெப்பா பில்டர் போட்டதும் அப்பிடித்தான். பிறகு சவர்க்காரத் தண்ணியில பிழிஞ்ச துணியால துடை, இரண்டு வாளி வைச்சு, ஒண்டு கழுவ, ஒண்டு அலச. ஒட்டிக்கொண்டு நிக்கிற இடத்துக்குக் கம்பிப் பிறஸ் அல்லது 80ஆம் நம்பர் மண்கடதாசி. கழிவுத்தண்ணி தொட்ட உயரத்துக்குக் கிருமிநீக்கி. காய விட்டு, திரும்ப ஹெப்பா. மரத்தில கறுப்புக் கறை மிஞ்சலாம், துடைச்ச துணியில ஒட்டாட்டில் அது வெறும் கறை. கொன்குறோபியம் மாதிரிப் பூஞ்சணம் தடுக்கிற மருந்து ஒண்டு மேல அடிக்க விரும்பினால் அடியுங்கோ, ஆனால் துப்புரவுக்குப் பதிலாய் இல்லை.

---

பைப்காரன் | 23 யூலை

சுவர் வேலை சரி, தண்ணி வந்த வழியை ஆரும் கதைக்கேல்லை. அடுத்த மழைக்குத் திரும்ப வந்தால் புது டிறைவோலும் குப்பைக்குத்தான்.

புளோர் ட்றெயினால வந்தது எண்டால் றோட்டுக் கழிவுக்குழாய் நிரம்பித் தள்ளியிருக்கு. சுவரும் நிலமும் சேர்ற மூலையால வந்தால் வீட்டைச் சுத்தி மண்ணுக்குள்ள தண்ணி வடிக்கிற வீப்பிங் ரைல் குழாயில பிரச்சினை. யன்னல் கிணத்தால (பேஸ்மென்ற் யன்னலுக்கு வெளியில இருக்கிற குழியால) வந்தால் பீலிக்குழாய் அல்லது மண் சரிவு. உங்கட கேசில முதலாவது. மருந்து பாக்வோட்டர் வால்வ்: கழிவுக்குழாயில, நிலத்துக்குக் கீழ வைக்கிற ஒரு மடல். றோட்டுப் பக்கமிருந்து தண்ணி வந்தால் மடல் மிதந்து எழும்பி மூடும்.

வால்வ் வைச்சும் பேஸ்மென்ற் நனையிற வீடுகள் இருக்குது, ஏனெண்டால் ஒண்டை ஆரும் சொல்லிக் குடுக்கிறேல்லை. மடல் மூடியிருக்கேக்க உங்கட வீட்டுத் தண்ணியும் வெளிய போகாது. மேல ஒராள் குளிச்சால், உடுப்பு மெசின் ஓடினால், அந்தத் தண்ணி அப்பிடியே உங்கட புளோர் ட்றெயினால மேல வரும். பெருமழை நேரம் குழாய் திறக்காதேங்கோ, ரொயிலற் இழுக்காதேங்கோ, வாடைக்கு இருக்கிறவைக்கும் சொல்லி வையுங்கோ. வருசத்துக்கு இரண்டு தரம் மூடியைத் திறந்து மடலைத் துடையுங்கோ. கறி எண்ணெய்க் கொழுப்பும் ஈரத்துடைப்பான் துணியும் மடலுக்கடியில சிக்கினால் அரை விரலளவு வெளி விழும், அது காணும்.

ரொறன்ரோ நகரசபை வால்வுக்கும் சம்ப் பம்புக்கும் (நிலத்துக் குழியில சேர்ற தண்ணியை வெளிய தள்ளுற பம்புக்கும்) செலவில ஒரு பங்கு திருப்பித் தருது. நகரசபையின்ர 311 இலக்கத்துக்கு அடிச்சு, வேலை தொடங்க முன்னம் நிபந்தனையைக் கேளுங்கோ. பேமிற் (கட்டிட அனுமதி) வேணும், லைசன்ஸ் உள்ள ஆள் செய்திருக்கவேணும், கூரைப் பீலி கழிவுக்குழாயோட தொடுத்திருக்கக் கூடாது. பேமிற் இல்லாமல் மலிவாய்ச் செய்தால் அந்தக் காசும் வராது. பீலித்தண்ணி சுவரிலயிருந்து 2 மீற்றராவது தள்ளி விழவேணும், அதுக்கு ஒரு நீட்டுக்குழாய் 20, 30 டொலர்.

---

அக்கவுண்ட்ஸ் | 23 யூலை

வெட்டித் தள்ள முன்னம் படம். தண்ணிக்கோடு தெரிய ஒவ்வொரு சுவரும், அளவுநாடாவைப் பக்கத்தில பிடிச்சு. சாமான்களின்ர மொடல் நம்பர். கார்ப்பெற் எறிஞ்சிட்டியள் எண்டால் ஒரு மூலைத் துண்டாவது கிடக்குதோ பாருங்கோ, தரம் காட்ட ஒரு சாணளவு காணும்.

வீட்டு இன்சூரன்ஸில கழிவுக்குழாய் பின்தள்ளல் தானாய் அடங்காது, அது மேலதிகமாய்ச் சேர்க்கிறது. நிலத்துக்கு மேலால ஓடி வாற வெள்ளத்துக்கு வேற பிரிவு. பொலிசியில இந்த இரண்டு பிரிவும் இருக்குதோ எண்டு தேடுங்கோ, உச்சவரம்பு என்ன எண்டும் பாருங்கோ. இன்னும் அடிக்காட்டில் இண்டைக்கே அடியுங்கோ. பூஞ்சணத்தைப் பல பொலிசி விலக்கி வைச்சிருக்கும், பிந்தினதால வந்தது எண்டு சொல்ல இடம் குடுக்கவேண்டாம். பான், டிஹியூமிடிபயர் (காத்தில ஈரம் இழுக்கிற மெசின்) வாடகை ரசீது எல்லாம் சேர்த்து வையுங்கோ. பேஸ்மென்ற்றில ஆள் இருக்கிறது கொம்பனிக்குத் தெரியுமோ? தெரியாட்டில் அவை கேக்க முன்னம் ஒரு புறோக்கரோட கதையுங்கோ. உங்கட இன்சூரன்ஸ் வாடைக்காரரின்ர சாமானுக்குக் காசு தராது, அவையின்ர வாடைக்காரர் இன்சூரன்ஸ்தான் தரவேணும்.

வாடகைப்பக்கம்: ஒன்ராறியோ வாடகைச்சட்டம் 2006இன் 20ஆம் பிரிவின்படி இருக்கக்கூடிய நிலையில வீட்டைத் திருத்தி வைச்சிருக்கிறது சொந்தக்காரரின்ர பொறுப்பு. செய்யாட்டில் வாடைக்காரர் ரி6 எண்ட முறைப்பாட்டுப் படிவம் போடலாம். உங்கட கேசில அவை உங்களோடதானே இருக்கினம். திரும்பி வரலாம் எண்டதையும், வேலை முடியும் மட்டும் வாடகை இல்லை எண்டதையும் ஒரு தாளில எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வையுங்கோ. வாய்ச்சொல் காணாது.

---

மிளகாய்த்தூள் | 23 யூலை

சாமான் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. எங்கட சனத்தின்ர பேஸ்மென்ற் எண்டால் அரைவாசி களஞ்சியம்.

அரிசிமூட்டை, மா, தூள் நனைஞ்ச பையில இருந்தால் மேல்பாதி காய்ஞ்சிருந்தாலும் எறியவேணும். திருகுமூடிப் போத்திலும் அப்பிடியே, ஊறுகாய், நல்லெண்ணெய் எல்லாம். மூடியின்ர புரிக்குள்ள கழிவுத்தண்ணி நிக்கும், கழுவ ஏலாது. நெளியாத தகரப் பேணியைக் கடதாசி உரிச்சு, சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஜாவெக்ஸ் தண்ணியில தோய்ச்சு எடுத்தால் வைச்சிருக்கலாம். பெரிய பிறீசர் நிரம்பியிருந்து மூடி திறக்காட்டில் கரண்ட் இல்லாமல் 48 மணித்தியாலம் மட்டும் தாங்கும், பாதிதான் நிரம்பியிருந்தால் 24.

உடுப்பு, சீலை: தோய்க்கக்கூடியது சுடுதண்ணியில சவர்க்காரத்தோட. பட்டுச்சீலையை அப்பிடிச் செய்யாதேங்கோ, நிழலில காயவைச்சு ட்றைகிளீனருக்குக் குடுக்கேக்க கழிவுத்தண்ணி பட்டது எண்டு சொல்லுங்கோ. மெத்தை, சோபா, அமத்தின மரத்தூள் அலுமாரி எல்லாம் குப்பை. கட்டிமரம் காப்பாற்றலாம்.

கலியாண அல்பம், சாதகக் கொப்பி, உறுதிப் பத்திரம் ஈரமாய்க் கிடந்தால் இப்பவே சிப் பையில போட்டு பிறீசரில வையுங்கோ. பூஞ்சணம் அங்க நிண்டிடும், பிறகு ஆறுதலாய் ஒவ்வொண்டாய் எடுத்துக் காயவைக்கலாம். ஒட்டின பக்கத்தை இப்ப பிரிக்க வெளிக்கிட்டால் படம் கிழியும். சாமிப்படம், குடும்பப்படம் சுவரில உயரத்தில தொங்கினாலும் கழட்டிப் பின்மட்டையைப் பாருங்கோ. தண்ணி தொடாட்டிலும் அந்த மட்டை ஈரக்காத்தைக் குடிச்சுப் பின்னால வெள்ளையாய்ப் பூத்திருக்கும்.

---

கெனடிரோட் | 9 ஓகஸ்ட்

எல்லாருக்கும் நன்றி. லாப் முடிவு: டிறைவோல் பசையில இல்லை, ரைல்ஸில இருக்குது. ரைல்ஸைத் தொடேல்லை. சுவர் 48½ அங்குலத்தில வெட்டினது, பின்பக்கம் நீங்கள் சொன்னமாதிரித்தான், முன்னால 8 அங்குலம், பின்னால 20 அங்குலத்துக்குக் கறுப்பு. மூண்டு சதுர மீற்றர் தாண்டினபடியால் துப்புரவுக்கு ஆள் பிடிச்சது.

50 பைன்ற் டிஹியூமிடிபயர் ஒண்டு 13 நாளாய் ஓடுது. அறை ஈரப்பதன் 48 வீதம். ஈரமானி வாசிப்பு வீதத்தில: சட்டம் நடுவில 13, நிலத்தோட கிடக்கிற அடிப்பலகை 22, ஒப்பிட்டுப் பார்க்க, நனையாத மேல்மாடி அலுமாரிக்குள்ள சட்டம் 10. டிறைவோல்காரன் திங்கள் வாறன் எண்டு நிக்கிறான். இரண்டு சந்தேகம்: வடக்குச் சுவர்க் கொங்கிறீற்றில வெள்ளைப் பஞ்சுமாதிரி வளருது. லோன்றிப் பக்கம் இப்ப புதுசாய் ஒரு நாத்தம், முதல் இருந்த மணம் இல்லை.

---

பைப்காரன் | 9 ஓகஸ்ட்

நாத்தத்துக்கு ஒரு வாளி தண்ணி. டிஹியூமிடிபயர் 13 நாள் ஓடி புளோர் ட்றெயின் வளைவுக்குள்ள இருந்த தண்ணியையும் குடிச்சிருக்கும். வளைவு காய்ஞ்சால் கழிவுக்குழாய்க் காஸ் நேர மேல வரும். 2 லீற்றர் ஊத்துங்கோ, மேல ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாகிறது பிந்தும். டிஹியூமிடிபயர்க் குழாயை அந்த ட்றெயினுக்கே விட்டால் இந்தத் தொல்லை இல்லை, வாளி தூக்கவும் தேவையில்லை.

---

சுத்தியல் | 9 ஓகஸ்ட்

திங்கள் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. 22இல மூடினால் கிறிஸ்மஸுக்கு முன்னம் திரும்ப வெட்டுவியள். 15க்குக் கீழ வரவேணும், மூண்டு நாள் அடுத்தடுத்து.

அடிப்பலகை பிந்துறது வழமை. கீழ்ப்பக்கம் கொங்கிறீற்றோட அமந்து கிடக்குது, காத்துப் படாது. இப்ப துப்புரவு முடிஞ்சபடியால் பான்களைத் திரும்பப் போடலாம், சுவருக்குக் குறுக்கால, பலகை வழியே காத்து ஓடுறமாதிரி நிலத்தில வையுங்கோ. பத்து நாளிலயும் இறங்காட்டில், அல்லது திருகாணி ஓட்டியை வைச்சு அமத்தப் பலகை பஞ்சாய்ப் போனால், பாரம் தாங்காத சுவர் எண்டால் அந்தப் பலகையை மட்டும் மாத்துறது சுகம்: மருந்தேற்றின 2x4 மரம், அதுக்குக் கீழ நுரைப்பட்டி. டிஹியூமிடிபயர் பில்டரைக் கிழமைக்கு ஒருக்காக் கழுவுங்கோ. அறை 18 பாகைக்குக் கீழ போனால் சுருளில ஐஸ் கட்டும், மெசின் ஓடுறமாதிரி இருக்கும், தண்ணி வராது.

வெள்ளைப் பஞ்சு: தண்ணி தெளிச்சுப் பாருங்கோ. கரைஞ்சு காணாமல் போனால் அது உப்பு, பூஞ்சணம் இல்லை. வினாகிரி ஒரு துளி விட்டால் நுரைக்கவும் கூடும். விரலால நசுக்கினால் உப்பு தூளாகும், பூஞ்சணம் இழுபடும். உப்பு எண்டால் பயமில்லை, ஆனால் அந்தச் சுவருக்கு வெளியில மண்ணில தண்ணி நிக்குது எண்டு அது சொல்லுது. பீலி எங்க விழுது எண்டு வடக்குப் பக்கம் போய்ப் பாருங்கோ.

கொங்கிறீற் காய்ஞ்சுதோ எண்டு பார்க்க: 18 அங்குலச் சதுரப் பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ரேப் போட்டுச் சுவரில ஒட்டி ஒரு நாள் விடுங்கோ. உரிக்கேக்க பின்பக்கம் துளி இருந்தால், அல்லது கொங்கிறீற் கறுத்திருந்தால், உள்ளிருந்து ஈரம் வருது.

திரும்பக் கட்டேக்க பழையமாதிரிப் பிங்க் பஞ்சும் பொலித்தீனும் வேண்டாம். வெளிச்சுவரில பஞ்சுக்குள்ளால வீட்டுக் காத்து போய்க் குளிர்காலத்தில கொங்கிறீற்றில வேர்க்கும், கோடையில கொங்கிறீற் ஈரம் பொலித்தீனின்ர பின்பக்கம் வேர்க்கும். வருசம் முழுக்க நனையிற சாண்ட்விச். கொங்கிறீற்றோட நேர 2 அங்குல எக்ஸ்பிஎஸ் (கட்டியான) நுரைப்பலகை, குளிர் தடுக்கிற அளவு ஆர்-10 வரும், மூட்டெல்லாம் ரேப், மேலும் கீழும் நுரை அடிச்சு அடையுங்கோ. அதுக்கு முன்னால சட்டம், பிறகு டிறைவோல். நெருப்புக் காரணத்தால நுரைப்பலகையைத் திறந்தபடி விடக் கூடாது. டிறைவோல் நிலத்திலயிருந்து அரை அங்குலம் மேல நிக்க, பிவிசி பேஸ்போர்ட். நிலத்துக்குக் கார்ப்பெற் வேண்டாம். அந்த 9 அங்குல ரைல்ஸ் உடையாமல் கிடந்தால் மேல ஒட்டாமல் விரிக்கிற வைனில் போட்டு மூடி விடலாம், சும்மா விட்டால் அது ஒண்டும் செய்யாது.

கைக்குழந்தைக்காரர் இறங்கிறது பற்றி: அடிப்பலகை 15, ஈரப்பதன் 50க்குக் கீழ, டிஹியூமிடிபயரை நிப்பாட்டி அறையை இரண்டு நாள் பூட்டி வைச்சுத் திறக்க மணம் இல்லை. இந்த மூண்டும் வந்த பிறகுதான் டிறைவோல். டிறைவோல் தூசி எல்லாம் ஹெப்பாவால இழுத்து, பேணஸ் பில்டர் மாத்தி, துவாரங்களில ஒட்டின பொலித்தீன் கழட்டினாப் பிறகு அவை இறங்கலாம். குளிர்காலத்தில ஈரப்பதனை 30 அளவில வைச்சிருக்கச் சொல்லுங்கோ. சமையலும் கீழதானே, புட்டு அவிக்கேக்க எக்ஸோஸ்ற் ஓடவேணும், அது வெளிய போகுதோ இல்லாட்டில் கபினெற்றுக்குள்ளயே ஊதுதோ எண்டும் பாருங்கோ.

---

கெனடிரோட் | 24 ஓகஸ்ட்

வாளித் தண்ணி ஊத்தினது, நாத்தம் அண்டைக்கே போச்சு. வெள்ளை, உப்புத்தான். வடக்குப் பீலி முழங்கை கழண்டு சுவரோட விழுந்துகொண்டிருந்தது. அடிப்பலகை இப்ப 14, 14, 13. லோன்றிப் பக்கம் ஒரு 4 அடித் துண்டு மட்டும் மாத்தினது. குளியலறைத் தொட்டிக்குப் பின்னால இருக்கிற சுவரைத்தான் இன்னும் பார்க்கேல்லை, ரைல்ஸ் உடைக்கவேணுமோ?

---

சுத்தியல் | 24 ஓகஸ்ட்

உடைக்காதேங்கோ. தொட்டிச் சுவரின்ர மற்றப் பக்கம் என்ன அறை? அந்தப் பக்கத்தால டிறைவோலில 12 அங்குலச் சதுரம், நிலத்தோட வெட்டி, ரோர்ச் அடிச்சுத் தொட்டிக்குக் கீழ பாருங்கோ. தொட்டிக்குக் கீழ தண்ணி போயிருக்கும், காயிறதுக்கு வழி இல்லாத இடம் அது. நனைஞ்ச பஞ்சு, மரத்தூள் ஏதும் கிடந்தால் அதால இழுத்து எடுத்து, கழுவி, அந்த ஓட்டைக்கு நேர பான் வைச்சு ஒரு கிழமை. பிறகு அதை டிறைவோலால மூடாமல் ஒரு பிளாஸ்ரிக் அக்செஸ் கதவு போடுங்கோ, பைப்காரனுக்கும் உதவும்.

டிறைவோல் பூட்ட முன்னம் ஒவ்வொரு திறந்த சுவரையும் அளவுநாடா தெரியப் படம் எடுத்து வையுங்கோ, வயரும் பைப்பும் எங்க போகுது எண்டு.